கேளுங்க சொல்றோம்: அது கள்ளுக்கடையா, வைக்கோல் கொட்டாயா?

கேள்வி: கொட்டிவாக்கத்துல எங்க வீட்டை ஒட்டி பழைய ஓட்டுக் கட்டடம் ஒண்ணு இருக்கு, 1985-ல மாமனார் வாங்கினது. அது கள்ளுக்கடையா இருந்த இடம், 1972-ல நான் கல்யாணமாகி வந்தப்போ என்னா கூட்டம்னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்றாங்க. என் மாமியார் 1976-ல வந்தவங்க, அதெல்லாம் பொய், வைக்கோல்தான் போட்டிருந்தாங்கன்னு சண்டைக்கே போறாங்க. இடிச்சிட்டு பூஜை ரூமோட வீடு கட்டலாம்னு பையன் சொல்றான். எது உண்மை? எப்படி தெரிஞ்சுக்கறது? (வாசகி, சென்னை)

பதில்: ரெண்டு பேருமே உண்மைதாம்மா சொல்றாங்க, வருஷத்தை மட்டும் வரிசையா வெச்சுப் பாருங்க. ராஜாஜி 1937-ல சேலம் ஜில்லாவுல ஆரம்பிச்ச மதுவிலக்கு, ஓமந்தூரார் முதல்வரா இருந்தப்போ 1948 அக்டோபர் 2-லேர்ந்து மாகாணம் பூரா வந்துடுச்சு. அதை 1971 ஆகஸ்ட் கடைசியில கலைஞர் தள்ளி வெச்சார், கடைங்க திறந்தது, திரும்ப கள்ளுக்கடைங்களை 1973-லயும் சாராயக்கடைங்களை 1974-லயும் மூடிட்டாங்க. அப்ப பாட்டி பார்த்தது அந்த ரெண்டு வருஷக் கடை, உங்க மாமியார் வந்தப்போ கடை மூடி மூணு வருஷம் ஆச்சு, காலியா கெடந்த எடத்துல வைக்கோல் போட்டிருப்பாங்க. எம்ஜிஆர் காலத்துல 1981 மே மாசம் திரும்பவும் திறந்தாங்களே, அப்போ ஏலம் எடுத்தவர் வேற எடம் பார்த்துட்டார் போல, இல்லைன்னா உங்க மாமியார் கண்ணுல படாம இருந்திருக்காது. 1987 ஜனவரி 1-லேர்ந்து கள்ளும் சாராயமும் ரெண்டுமே நின்னு போச்சு.

கட்டடமே சாட்சி சொல்லும். எங்க ஊர்ல இப்படி ஒண்ணை சின்ன வயசுல பார்த்திருக்கேன், தெருப்பக்கம் இடுப்பு உசரத்துல ஒரு ஜன்னல், அதோட அடிக்கல்லு மட்டும் நடுவுல பிறை மாதிரி தேஞ்சிருக்கும், மொந்தையை (கள்ளு குடிக்கிற பானை) வெச்சு எடுத்து வெச்சு எடுத்தே தேஞ்ச கல்லு அது. தரை வேற ஒரு மூலைக்கு சரிவா இருக்கும், கள்ளு காலையில இறக்கினா சாயந்திரத்துக்குள்ள புளிச்சிடும், தினமும் கழுவி விட்டே ஆகணும், அதுக்குத்தான் அந்த சரிவு. உங்க கட்டடத்துல இந்த ரெண்டும் இருக்கான்னு முதல்ல பாருங்க. தென்னந்தோப்பு பக்கத்துலயே கடை இருந்ததுக்கும் இந்தப் புளிப்புதான் காரணம், கள்ளை ரொம்ப தூரம் கொண்டு போக முடியாது.

பேப்பர்ல தேடணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல பழைய வில்லங்கத்துக்கு மனு போடுங்க. ஆனா ஒண்ணு, கடை ஏலம் எடுத்தவர் ஒருத்தர், கட்டடக்காரர் வேற ஒருத்தர்னு இருக்கறதுதான் வழக்கம், வாடகைக்கு வாய்ப்பேச்சா விட்டிருந்தா வில்லங்கத்துல கள்ளுக்கடைன்னு ஒரு எழுத்து கூட இருக்காது, அதை வெச்சு பாட்டி பொய் சொல்றாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. 1948-க்கு முன்னாடியும் அங்க கடை இருந்திருக்குமோன்னு தோணுச்சுன்னா எழும்பூர் ஆவணக் காப்பகம் போகணும், 1886 ஆப்காரி (மது வரி) சட்டம் வந்த காலத்துலேர்ந்து கள்ளு இறக்குற மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம்னு சர்க்கார் கணக்கு வெச்சிருந்த விஷயம் இது.

பூஜை ரூம் தாராளமா கட்டுங்க, மரம் ஏறி இறங்கி உழைச்சவங்க வந்து போன எடத்துல என்னம்மா தீட்டு? என் ஆசை ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஜன்னல் கல்லு இருந்தா ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி பெயர்த்து எடுத்து வாசல்ல போட்டுக்கங்க. பாட்டியையும் இந்த வாரமே உட்கார வெச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. கடையைப் பத்தி மட்டும் கேட்டா ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாங்க, கடை வாசல்ல சுண்டலும் கருவாடும் வித்தது யாருன்னு கேளுங்க, பேச்சு அதுலேர்ந்து தானா வரும்.