மன்னித்துவிட்டால் போலீசில் புகார் கொடுக்கக் கூடாதா?

கேட்டவருடைய நிலைமை இதுதான்: சபையில் கூடவே இருந்த ஒருவர் பணத்தை வாங்கி ஏமாற்றிவிட்டார். புகார் கொடுக்கலாம் என்று கிளம்பினால், "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரே, விசுவாசிக்கு எதுக்கு ஸ்டேஷன், கோர்ட்டு" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். புகார் கொடுத்தால் மன்னிக்காதவன் ஆகிவிடுவேனா என்று கேட்கிறார்.

ஆக மாட்டீர்கள். தாராளமாகக் கொடுங்கள்.

அந்த "ஏழெழுபது தரம்", அதாவது எழுபது தடவை ஏழு, பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் 22ஆம் வசனம். உங்களைத் தடுக்கிறவர்கள் அதே அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே இருந்து வாசித்திருந்தால் நன்றாயிருக்கும். சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கும் பெரிய கல்லை)க் கட்டி அவனைக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்பது 6ஆம் வசனம். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல், சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் அவன் உனக்கு வெளியாள் மாதிரி இருக்கட்டும் என்று 15லிருந்து 17 வரை இருக்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் சீடரான பேதுரு "எத்தனை தரம் மன்னிக்க வேண்டும்" என்று கேட்கிறார். மூடி மறைப்பதற்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

அப்புறம், பேதுருவுக்குப் பதிலாக இயேசு சொன்ன உவமை. ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக முதல் கடன் 6 கோடி நாள் கூலி, எந்த ஜென்மத்திலும் அடைக்க முடியாதது. பிரசங்கத்தில் இதோடு நிறுத்தி, "பார்த்தீர்களா, அந்த நூறு வெள்ளிப்பணம் ஒன்றுமேயில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை. நூறு நாள் கூலி என்பது ஒரு கூலிக்காரன் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் சோறு. இயேசு அதைச் சும்மா ஒரு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மன்னிக்கிறவனுக்கு நிஜமாகவே நஷ்டம் இருக்கிறது என்று தெரிந்துதான் அந்தத் தொகையைச் சொல்கிறார் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பெண்கள் சங்கத்தில் அம்மாவோடு இருந்த ஒரு அக்கா சீட்டு நடத்தினார், அம்மாவின் முறை வரும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா புகார் எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலமே கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "விட்டுருங்கம்மா, சாட்சி கெட்டுப்போகும்" என்றார்கள். சபையின் நற்பெயரைத்தான் சாட்சி என்றார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். டம்ளருக்குப் பக்கத்தில் சீட்டு நோட்டைத் திறந்து வைத்தார், மாதாமாதம் கட்டிய தொகையும் எதிரே அந்த அக்காவின் கையெழுத்தும். "அவளுக்காக தினமும் ஜெபம்தான் பண்றேன் ஐயா, மனசுல ஒண்ணும் வச்சுக்கல. ஆனா எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. ஆனால் அந்த அக்காவின் மகளுக்கு வரன் விசாரித்து யாரோ வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. மன்னிப்பு என்று நான் கண்ணால் பார்த்தது இதைத்தான்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் அவருடைய கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், மகன்கள் 10 வயது பிலிப்பும், 6 வயது திமோத்தேயுவும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் சொன்னார், யாரும் வந்து மன்னிப்புக் கேட்காத நிலையிலேயே சொன்னார். அதற்காக வழக்கை யாரும் மூடிவிடவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் தூக்கு, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றமும் ஆயுளையே உறுதி செய்தது. என் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தருகிற விளைவு வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம் என்பதே கிளாடிஸின் நிலைப்பாடு. பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையையும் அவர் விட்டுவிட்டு ஓடவில்லை.

இன்னொன்று, கேரளத்து அருட்சகோதரி ராணி மரியா. 1995இல் மத்தியப் பிரதேசத்தில் பேருந்துப் பயணத்தின்போது அவரைக் குத்திக் கொன்ற சமந்தர் சிங்குக்கு, 2002இல் ராணி மரியாவின் சொந்தத் தங்கையே சிறைக்குப் போய் ராக்கி கட்டினார். அவனும் மனம் திரும்பினான், பிற்பாடு குடும்பத்தின் சம்மதத்தோடு விடுதலையானான், அவர்கள் வீட்டுக்கே போய் வந்தான். ராக்கி கட்டும்போது அவன் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தான் என்பதைக் கவனியுங்கள். மன்னிக்க ஒரு ஆள் போதும். உறவு பழையபடி ஆவதற்கு எதிராளியும் திரும்பி வர வேண்டும். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுகூட அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றுதானே எழுந்து நின்றான்.

பவுல் எழுதிய 1 கொரிந்தியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தைக் காட்டி, விசுவாசிகள் வழக்குக்குப் போகக் கூடாது என்பார்கள். சரி, அதே பகுதியில் பவுல், தீர்த்துவைக்க உங்களுக்குள்ளே விவேகி ஒருவனும் இல்லையா என்றும் கேட்கிறார், சகோதரனை நஷ்டப்படுத்துகிறவனையும் கண்டிக்கிறார். அந்த வசனத்தைக் காட்டுகிறவர்களிடம், நீங்களே உட்கார்ந்து பணத்தை வாங்கித் தருகிறீர்களா என்று கேளுங்கள்.

நீங்கள் செய்யக் கூடாதது பழிவாங்குவது. அவர் பிள்ளைகளை இழுக்காதீர்கள், ஊரெல்லாம் கூட்டிச் சொல்லாதீர்கள், பட்டதைவிட அதிகமாக எழுதிக் கொடுக்காதீர்கள். அவரிடம் ஒருமுறை தனியாகப் பேசிவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள், அடுத்த தடவை சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் ரசீதுகளை நகல் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.