பாஸ்-புவாந்துக்கு வரும் தம்பிக்கு

காரைக்காலிலிருந்து கரீபியனில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவுக்கு, அதுவும் பாஸ்-புவாந்த் ஊருக்கு வேலைக்கு வருகிறேன், அங்கே தமிழர்கள் நிறையவாமே, தமிழ் பேசியே காலம் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது தம்பி. தபால் பெட்டியில் விராசாமி என்று பெயரைப் பார்த்துவிட்டு வாய் நிறைய வணக்கம் சொல்வீர்கள். 'போன்ழூர்' என்று பிரெஞ்சு வணக்கம்தான் பதிலாக வரும். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனது. 1853-இல் தொடங்கி 30 வருடத்தில் இந்தியாவிலிருந்து சுமார் 25,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்கள். பேரப்பிள்ளைகளிடம் பெயர் மிஞ்சியது, மொழி மிஞ்சவில்லை. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி), அலுவலகத்தில் பிரெஞ்சு. கிரியோலில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வாருங்கள், சந்தையில் மரியாதை தானாக வரும். அங்கே 'பரோக்கா' என்று விற்பது நம் பாகற்காய்தான்!

ஊர் சின்னது, ஏறக்குறைய 3,000 பேர். கரும்பை விட இப்போது வாழைதான் கண்ணில் படும். பின்னால் பெலே எரிமலை, முன்னால் அட்லாண்டிக். குளிக்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள், அலை பொல்லாதது. மழை அதிகம், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். கார் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி. பாதிச் சாமான் பிரான்சிலிருந்து கப்பலில் வருவதால் மளிகை விலை கடிக்கும்.

அப்புறம், 'கூலி' என்ற சொல். அந்தக் கூலிகளின் வம்சத்தார் தங்கள் கோயில் சடங்கைத் தாங்களே 'போந்தியே கூலி', அதாவது கூலிச் சாமி, என்பார்கள். அதைக் கேட்டு நீங்களும் சொல்லிவிடாதீர்கள். வசையாக வாங்கிய தழும்பு அது.

சடங்குக்குக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். மாரியம்மன் அங்கே மாரியேமேன், மதுரை வீரன் மல்தெவிலேன். தப்பு மேளம் அடிக்க, இரண்டு பேர் பிடித்த வெட்டுக்கத்தியின் கூர் மேல் பூசாரி வெறுங்காலோடு ஏறி நிற்பார். பலியிட்ட ஆடு கொலம்போ என்ற அந்த ஊர்க் கறி மசாலாவில் வெந்து எல்லோருக்கும் பந்தியாகும். வந்த புதிதில் அப்படி ஒரு பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பூசாரி பாடிய தமிழ்ப் பாட்டில் ஒரு சொல்லைப் பெரிய புலவர் போலத் திருத்தினேன். அவர் கோபப்படவில்லை. "என் தாத்தா இப்படித்தான் பாடினார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, என் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.