பியர்டட் டிராகன் ஏன் தோண்டிக்கொண்டே இருக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: நான் தொட்டியில் வளர்க்கும் பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலியப் பல்லி இனம்) பெண், ஒன்றரை வயது. ஆணோடு ஒருமுறைகூட விட்டதில்லை. நாலு நாளாகத் தொட்டி மூலையை விடாமல் தோண்டுகிறது, சாப்பாட்டையும் தொடவில்லை. நோயா அண்ணா?

பதில்: நோய் என்று முடிவு கட்டாதீர்கள். முட்டையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆண் துணை இல்லாமலும் பெண் டிராகன் முட்டை இடும். கரு இருக்காது, அவ்வளவுதான். வயிற்றின் இரு பக்கமும் கோலிக்குண்டுகளை அடுக்கியதுபோல் மேடு தெரிகிறதா பாருங்கள். அழுத்திப் பார்க்க வேண்டாம்.

உடனே ஒரு மண்பெட்டி தயார் செய்யுங்கள். உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்ட மண்ணும் கழுவிய மணலும் கலந்து, குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். கையில் பிடித்தால் கட்டியாக நிற்கும் அளவு ஈரம் போதும். சொதசொதவென்று இருக்கக் கூடாது. குடைந்த குழி சரிந்து விழுந்தால் அது முட்டை இடாமல் மறுபடி மறுபடி தோண்டும். உள்ளே போனபிறகு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காதீர்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும்.

ஒரு ஈட்டில் 15 முதல் 30 முட்டை வரை வரலாம். குழியை மூடிவிட்டு, வயிறு ஒட்டி, களைத்துப்போய் வெளியே வரும். தண்ணீர் கொடுங்கள், கால்சியம் தூவிய பூச்சி கொடுங்கள். சில வாரங்களில் அடுத்த ஈடும் வரலாம், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பயப்பட வேண்டியது எப்போது? முட்டை வராமலே தோண்டுவதை நிறுத்திச் சோர்ந்து கிடந்தால், முக்கினால், பின்னங்கால்களை இழுத்தால், அது முட்டை அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: மண்பெட்டி வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டைல்ஸையே பிறாண்டுகிறது.

பதில்: பெட்டியை அது தோண்டும் அந்த மூலைக்கே நகர்த்துங்கள். நீங்களே கையால் ஒரு குழியைத் தொடங்கிவைத்து, அதன் வாயில் டிராகனை விடுங்கள். மண் சில்லென்று இருந்தாலும் இறங்காது.

கேள்வி: என்னுடையது ஆண், 2 வயது. குளிர்காலம் வந்ததும் மரக்கட்டைக்கு அடியில் குழி பறித்து நாள் முழுக்கத் தூங்குகிறது.

பதில்: குளிர்கால உறக்கம். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் இதன் இனம் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் உறக்கம் என்று நினைத்து நோயைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. முதலில் மருத்துவரிடம் எச்சத்தைக் கொடுத்துக் குடல்புழு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். தின்றது செரித்து வெளியேறாமல் தொட்டிக்குச் சூடு தரும் விளக்கைக் குறைக்காதீர்கள். உடல் குளிர்ந்தால் செரிமானம் நின்று உணவு வயிற்றிலேயே அழுகும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நன்றாக உறங்கும் டிராகனுக்கு எடை அதிகம் குறையாது. ஒரு வயது ஆகாத குட்டி இப்படிக் கிடந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மதியத்தில் மட்டும் தோண்டுகிறது, அதுவும் விளக்கிலிருந்து தள்ளிப் போய்.

பதில்: சூடு தாங்கவில்லை என்று தோன்றுகிறது. விளக்குக்குக் கீழே அது வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 24 முதல் 27 இருந்தால் சரி. கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள். அது கல்லின் சூட்டைச் சொல்லாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கல்லையே அளந்து பாருங்கள்.

கேள்வி: கண்ணாடியைத்தான் கீறுகிறது. இதுவும் தோண்டுவதா?

பதில்: இல்லை. தன் பிம்பத்தைப் பார்த்து எரிச்சல்படும், அல்லது இடம் போதாமல் வெளியேறப் பார்க்கும். பக்கங்களில் காகிதம் ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: தோண்டட்டும் என்று தொட்டி முழுக்க மணல் போடலாமா?

பதில்: குட்டிக்கு வேண்டாம், காகிதமே போதும். நல்ல ஆரோக்கியமும் சரியான சூடும் உள்ள வளர்ந்த டிராகனுக்கு, மண்ணும் மணலும் கலந்து இறுக்கிப் போடலாம். கடையில் விற்கும் கால்சியம் மணலை மட்டும் தொடாதீர்கள். தின்றால் குடலில் அடைக்கும்.

கேள்வி: டைல்ஸில் தோண்டித் தோண்டி நகம் உடைந்து ரத்தம் வந்துவிட்டது.

பதில்: சோள மாவு வைத்துச் சில நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றாலோ, விரல் வீங்கினாலோ மருத்துவர். அதற்குமுன் ஆணா பெண்ணா பாருங்கள். பெண் என்றால் மண்பெட்டி இன்றைக்கே வேண்டும்.