பார்க்க வருகிறார்கள், கேட்காமல் போகிறார்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 16 வருடங்களாகச் சீர் பட்சணம் செய்து கொடுக்கிறோம். போன வருடம் 40,000 ரூபாய் செலவழித்து வெப்சைட் போட்டோம். மாதம் 600 பேர் வருவதாகக் கணக்குக் காட்டுகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்பவர்கள் நான்கைந்து பேர்தான். செய்து கொடுத்தவரிடம் கேட்டால், விளம்பரம் கொடுக்க வேண்டும், டிசைனையும் புதிதாக மாற்றலாம் என்கிறார். மறுபடியும் பணம் போடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய முகவரியை என் மொபைலில், வைஃபையை அணைத்துவிட்டு, மூன்று தடவை திறந்து பார்த்தேன். வருகிறவர்கள் ஏன் நிற்பதில்லை என்பது அதிலேயே தெரிகிறது. பெரும்பாலானவற்றை ஒரு வாரம், பத்து நாளில் சரிசெய்துவிடலாம். அதைச் செய்யாமல் விளம்பரம் கொடுத்தால், இன்னும் நிறையப் பேர் வந்து திரும்பிப் போவதற்குத்தான் நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

முதலில் அந்த 600 பேர் யார் என்று பார்க்க வேண்டும். உங்கள் தளத்தில் அதிரச மாவு பதம் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். 'அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது, ஏன்' என்று கூகுளில் தேடுகிறவர்கள் அந்தப் பக்கத்துக்கு வந்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை. அவர்கள் போவது உங்கள் குறையும் இல்லை. கூகுள் சர்ச் கன்சோல் என்று இலவச வசதி ஒன்று உண்டு. எந்தச் சொற்களைத் தேடியவர்கள் எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதில் தெரியும். வெப்சைட் செய்து கொடுத்தவரிடம், உங்கள் மின்னஞ்சலை அதில் உரிமையாளராகச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். 'சீர் பட்சணம் மாம்பலம்', 'கல்யாண முறுக்கு ஆர்டர்' போன்ற தேடல்களில் வந்தவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்கள் 150 பேர்தான் இருக்கிறார்கள் என்றாலும் கவலை இல்லை. அந்த 150 பேரும் எதைத் தேடி வருகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

கடைக்கு நேரில் வருகிற அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் எப்போது என்று நீங்கள் கேட்பீர்கள். 'அஞ்சு வகை, 51 எண்ணிக்கை, என்ன ஆகும்?' என்று அவர் கேட்பார். 'நங்கநல்லூர் மண்டபத்துக்குக் கொண்டுவந்து தருவீங்களா?' என்பார். முறுக்குச் சுற்றின் கணக்கு, பருப்புத் தேங்காய்க்கான கூம்பு வடிவக் கூடு உங்களிடமே கிடைக்குமா என்பதெல்லாம் அடுத்து வரும். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்து முன்பணம் கைக்கு வந்துவிடும். உங்கள் வெப்சைட் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்வதில்லை. 'பாரம்பரியத்தின் சுவை, நம்பிக்கையின் மறுபெயர்' என்கிறது. நான் பார்த்த தவறுகள் எல்லாமே இதிலிருந்து வந்தவைதான்: கேள்வியோடு வருகிறவருக்கும் பதிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது.

முதலில் நிற்பது படங்கள். திறந்ததும் ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. மொபைலில் எடுத்த ஃபோட்டோக்களை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 எம்பி. ஐந்தும் சேர்ந்து 25 எம்பி. சிக்னல் சுமாராக இருந்து நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு எம்பி என்பது 8 மெகாபிட், அதனால் 25 எம்பி இறங்க 40 நொடி வேண்டும். கல்யாணத்துக்கு அலைந்துகொண்டிருப்பவர் பாதி நாள் ஆட்டோவிலும் ரங்கநாதன் தெருக் கூட்டத்திலும்தான் இருக்கிறார். 40 நொடி காத்திருக்க மாட்டார். மொபைலில் 3 நொடிக்கு மேல் ஆனால் பாதிக்கும் மேற்பட்ட வருகைகள் கைவிடப்படுகின்றன என்று 2016-ல் கூகுளே கணக்கு வெளியிட்டது.

இதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். ஸ்குவூஷ் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது, கூகுள் குரோம் குழுவினர் செய்தது. படத்தை அதில் போட்டு அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி என்ற வடிவத்தில் சேமித்தால், 5 எம்பி படம் 150 கேபி அளவுக்கு வந்துவிடும். மொபைல் திரையில் வித்தியாசம் தெரியாது. ஐந்து படங்களும் சேர்ந்து 1 எம்பி-கூட வராது. அதே சுமாரான சிக்னலில் ஒன்றிரண்டு நொடியில் வந்து நிற்கும். அப்புறம் அந்த நகர்கிற படங்களே வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. என்னைக் கேட்டால் வேண்டாம். இரண்டாவது படம் வருகிறவரை யாரும் அங்கே நிற்பதில்லை. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல படம் ஒன்று போதும். மனோகரக் கூம்பும் லட்டும் தட்டில் அடுக்கி, பின்னால் உங்கள் சமையற்கட்டு தெரிகிற அந்த மூன்றாவது படம். இணையத்திலிருந்து எடுத்த வடநாட்டு இனிப்புத் தட்டு ஒன்று இருக்கிறது, அதை முதலில் எடுத்துவிடுங்கள். சீர் பட்சணம் தெரிந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேகத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுள் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, 'மொபைல்' என்ற பகுதியைப் பாருங்கள். மேலே 'தகவல் இல்லை' என்று வரும். வருகிறவர்கள் குறைவாக உள்ள தளங்களுக்கு அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம். கீழே உள்ள சோதனை முடிவில், பக்கத்தின் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று இருக்கும். 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. செய்து கொடுத்தவர் தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டி 'வேகமாத்தானே இருக்கு' என்றால், மொபைலில் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது விலை. இதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும், ஆனாலும் அழுத்தமாகச் சொல்கிறேன். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் பெரும்பாலானோர் அழைப்பதில்லை. கையில் இருக்கும் பணத்துக்குள் இது வருமா என்று தெரியாமல் ஃபோன் செய்யக் கூச்சப்படுகிறார்கள். போன தை மாதம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வாழைமரம், தோரணம் கட்டுகிறவரைத் தேடினேன். முதலில் திறந்த தளத்தில் வேலை மிக அழகாக இருந்தது. விலை எங்கும் இல்லை, பெயரிலிருந்து முகவரி வரை ஒன்பது கட்டம் நிரப்பச் சொன்னது. மூடிவிட்டு அடுத்ததற்குப் போனேன். நல்ல வேலைக்காரர் ஒருவரை நான் இழந்தேன், அவர் ஒரு வேலையை இழந்தார்.

எண்ணெய், சர்க்கரை விலை மாறிக்கொண்டே இருக்கிறதே என்பீர்கள். சரி, 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று ஆரம்ப விலை போட்டு, எந்த மாதத்து விலை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று மாதிரிப் பட்டியல் போதும்: சின்ன அளவு, நடுத்தரம், முழுச் சீர். ஒவ்வொன்றிலும் எத்தனை வகை, எத்தனை எண்ணிக்கை, கூடு உண்டா இல்லையா என்று இருக்கட்டும். போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று பயப்படாதீர்கள். அவர் ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் போல உங்களுக்கு ஃபோன் செய்து விலை கேட்டிருப்பார். கொண்டுவந்து தரும் கூலி தனி என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் பணம் கட்டும்போது கூடுதல் தொகையை நுழைப்பதை, நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளில் ஒன்றாக 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது.

இனி தமிழ். உங்கள் பட்சணப் பட்டியல் முழுவதும் ஒரே ஒரு படமாக இருக்கிறது. டிடிபி கடையில் அடித்த நோட்டீஸை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். மொபைலில் எழுத்து கடுகளவுதான் தெரிகிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி கூகுள் உங்களைத் தேடலில் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்வையற்றவர்களின் மொபைலும் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டாது. இன்னொன்று, 'இதைப் பாருங்கோ, இந்த வகைதான் வேணும்' என்று அந்த அம்மா ஒரு வரியை நகலெடுத்துச் சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பவும் முடியாது. கல்யாணச் சாமான் எதையும் ஒருவர் தனியாக முடிவுசெய்வதில்லையே!

ஆகவே பட்டியலை, எந்த மொபைலிலும் சரியாகத் தெரிகிற யுனிகோடு எழுத்தில் திரும்பத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. அளவு 17 பிக்சலுக்குக் குறைய வேண்டாம், வரிகளுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள். நம் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு, நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்காக அளந்து செய்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதியதால், உங்கள் தளத்தில் அது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. 'பேச' என்று எழுதினால் போதும். பொன்னிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் வேண்டாம். வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஃபோன் எண் பக்கத்தின் அடியில், அதுவும் படமாக இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகாது. எண்ணை மனப்பாடம் செய்து அடிக்க வேண்டும். அதை எழுத்தாக மாற்றி, திரையின் கீழ் ஓரத்தில் எப்போதும் தெரிகிற மாதிரி 'பேச', 'வாட்ஸ்அப்' என்று இரண்டு பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். விரல் படுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் 91 வர வேண்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. 'சீர் பட்சணம் விசாரிக்க. கல்யாணத் தேதி: ' என்று செய்தியையே அதில் முன்கூட்டி எழுதி வைக்கலாம். உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் இருக்கிற மகள் சென்னைக் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யும்போது, அவளுக்கு வசதியான நேரம் நமக்கு நடு இரவாக இருக்கலாம். அப்போது அவள் ஃபோன் செய்ய மாட்டாள், செய்தி அனுப்புவாள்.

திறந்த உடனே 'எங்கள் சலுகைகளைப் பெற மின்னஞ்சல் தருக' என்று திரையை மறைக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். மொபைலில் இப்படி மறைக்கிற பக்கங்களை 2017 ஜனவரி முதல் கூகுள் தேடலில் பின்னுக்குத் தள்ளலாம் என்று ஆகிவிட்டது. நாதஸ்வர இசை தானாக ஒலிப்பதும் வேண்டாம். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் பதறிப்போய் மூடிவிடுவார். முகவரிக்கு முன் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் காட்டுகிறது. அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, அதற்குத் தனியாக யாராவது பெரிய தொகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். உணவுத் தொழில் என்பதால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணும், முழு முகவரியும், புகார் சொல்ல ஒருவர் பெயரும் தளத்தில் இருக்க வேண்டும். இணையத்திலேயே பணம் வாங்குவதானால், 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். தளத்தைப் பார்க்காத ஒருவரை, உங்கள் நாத்தனாரோ எதிர்வீட்டு அம்மாவோ, கூப்பிட்டு அவர்கள் மொபைலையே எடுக்கச் சொல்லுங்கள். 'அஞ்சு வகை 51 எண்ணிக்கைக்கு என்ன விலை, தாம்பரத்துக்கு அனுப்புவோமா, கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ' என்று கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்யக் கை துடிக்கும், செய்யாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரிடம் இப்படிச் செய்தால் அடுத்து எதைத் திருத்துவது என்று என்னைக் கேட்கவே வேண்டியிருக்காது. அதோடு ஒரு வாரத்துக்குக் கடை ஃபோனில் வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்ப வருகிற ஐந்து கேள்விக்கான பதில்தான் உங்கள் முதல் பக்கம். ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் கை ஓய்ந்திருக்கும்போது பெரிய மாற்றங்களை வைத்துக்கொள்ளுங்கள், ஆவணி பிறக்கும்போது தளம் தயாராக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். உங்கள் டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பேரில் பதிவாகியிருக்கிறது? செய்து கொடுத்தவர் பேரில் இருந்தால், அவர் ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தாலே கடைப் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். பதிவு உங்கள் பேரிலும், அதன் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையிலும், புதுப்பிக்க வேண்டிய தேதி உங்கள் சமையற்கட்டுக் காலண்டரிலும் இருக்க வேண்டும்.