மெக்கானிக் பக்கம்: பாயிண்ட் கேப் முதலில், டைமிங் அப்புறம்

இந்த முறை டூ-ஸ்ட்ரோக் மொபெட் கேள்விகள் மட்டும். டி.வி.எஸ். 50, லூனா போன்ற பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை ஜோடி) வைத்த வண்டிகள் இன்னும் கிராமங்களில் ஓடிக்கொண்டிருப்பதால் அவற்றைப் பற்றியே அதிகம் வந்திருக்கின்றன.

கேள்வி: பழைய டி.வி.எஸ். 50 வைத்திருக்கிறேன். சமதளத்தில் ஓடுகிறது, மேட்டில் இழுப்பதில்லை. சைலென்சர் பெண்டு முன்பைவிட அதிகமாகச் சூடாகி நீலம் பாய்ந்துவிட்டது. "டைமிங் போயிடுச்சு" என்கிறார்கள். நானே செட் பண்ணலாமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பண்ணலாம். ஆனால் டைமிங் (பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது ஸ்பார்க் விழுகிறது என்பது) தானாக எங்கும் போகாது. மேக்னட்டை (காந்தம் வைத்த சுழல் சக்கரம்) கிராங்கில் சரியான இடத்தில் வைக்கும் கீ அறுந்தாலோ, காயிலும் பாயிண்டும் உட்காரும் காயில் பிளேட்டின் ஸ்க்ரூ லூசானாலோதான் அப்படி நகரும். மற்றபடி நடப்பது பாயிண்ட் தேய்மானம். கேமின் மேல் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய கேப் (பாயிண்ட் திறக்கும்போது விழும் இடைவெளி) குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் தாமதமாக வரும். அப்போது எரிதல் முடியாமலே வாயு வெளியேறுவதால் சூடு ஹெட்டில் தங்காமல் சைலென்சர் பெண்டுக்குப் போய்விடும். நீங்கள் சொல்லும் அடையாளம் அதற்குப் பொருந்துகிறது.

எனவே முதல் வேலை கேப். மேக்னட்டை எஞ்சின் சுற்றும் திசையில் கையால் திருப்பி, பாயிண்ட் முழுவதும் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேக்னட் ஜன்னல் வழியாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையுங்கள். இந்த வகை வண்டிகளில் 0.35 முதல் 0.45 மி.மீ.க்குள் வரும், 0.40 நல்ல நடு அளவு. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பாயிண்ட் முகம் குழியும் மேடுமாக இருந்தால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும். மேட்டின் மேல் 0.40 காட்டும்போது உண்மை கேப் அதைவிட அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட பாயிண்டைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. புதியதைப் போடும்போது கேமின் எதிரே இருக்கும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். காய்ந்த ஃபெல்ட்தான் குதிகாலைத் தின்கிறது.

கேப் சரியான பிறகு டைமிங்கைப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும் நொடியைக் கண்டுபிடிக்கப் பலர் பல்பு டெஸ்டரோ மல்ட்டிமீட்டரோ வைக்கிறார்கள். காயிலின் பிரைமரி சுற்று பாயிண்டுக்கு இணையாகவே இருப்பதால் பாயிண்ட் திறந்தாலும் பல்பு எரிந்துகொண்டே இருக்கும், ஒயரைப் பிரித்தால்தான் வேலை செய்யும். எளிய வழி, சிகரெட் பாக்கெட்டின் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாள். ஒரு சிறு கீற்று வெட்டி பாயிண்டுகளுக்கு நடுவே விட்டு, லேசாக இழுத்துப் பிடித்தபடி மேக்னட்டை மெதுவாகத் திருப்புங்கள். கவ்வியிருந்த தாள் வழுக்கி வெளியே வரும் இடம்தான் ஸ்பார்க் விழும் இடம். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் உண்டு என்பதால் எந்த ஸ்ட்ரோக் என்ற குழப்பம் வராது.

அந்த இடத்தில் மேக்னட்டில் உள்ள கோடும் கிராங்க்கேஸ் கோடும் நேராக இருக்க வேண்டும். கோடு அழிந்திருந்தால் பிஸ்டன் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். பாயிண்ட் வைத்த சிறிய எஞ்சின்களில் இது பொதுவாக 1.2 முதல் 2 மி.மீ.க்குள். ஸ்ட்ரோக் 40 மி.மீ., கனெக்டிங் ராடு 80 மி.மீ. உள்ள எஞ்சினில் 1.5 மி.மீ. என்பது 20 டிகிரி; 2.3 மி.மீ. என்பது 25 டிகிரி. ஒரு மி.மீ. கூட இல்லாத வித்தியாசத்தில் 5 டிகிரி போய்விடுகிறது, கண்ணளவு இங்கே உதவாது.

பிளக் ஓட்டை சிலிண்டருக்கு நேராக இருந்தால் டயல் கேஜால் அளக்கலாம். சாய்ந்திருந்தால் அளவு தப்பும். அப்போது பிஸ்டன் ஸ்டாப் முறைக்குப் போங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதில் முனை மழுங்கிய ஒரு போல்ட்டைப் பொருத்தி பிளக் ஓட்டையில் மாட்டுங்கள். மேக்னட்டைக் கையால் (கிக்கரால் அல்ல, பிஸ்டனில் பள்ளம் விழும்) ஒரு பக்கம் திருப்பி, முட்டி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். மறுபக்கம் திருப்பி முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரி நடு உச்சிப் புள்ளி. மேக்னட்டின் வெளி விட்டம் 100 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 0.87 மி.மீ.; 20 டிகிரிக்கு விளிம்பில் 17.5 மி.மீ. தள்ளிக் கோடு போட்டால் போதும்.

கோடு சேராவிட்டால் காயில் பிளேட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தித் திருப்புங்கள். எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் (ஸ்பார்க் முந்தும்), அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பிந்தும்). ஜன்னல் வழியே ஸ்க்ரூ எட்டாத வண்டியில் மேக்னட்டைக் கழற்ற வேண்டும், அதற்குப் புல்லர் கட்டாயம். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிக்கொள்ளும்.

பிளேட்டைத் தொடாமல் பாயிண்ட் கேப்பை மட்டும் கூட்டிக் குறைத்து டைமிங்கைச் "சரி" செய்கிற வழக்கம் நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. கோடு சேர்ந்துவிடும்தான். ஆனால் காந்தத்தின் துருவம் காயிலின் இரும்புக் காலைத் தாண்டும் குறிப்பிட்ட இடத்தில் பாயிண்ட் திறந்தால்தான் முழு பலத்தோடு ஸ்பார்க் வரும். பிளேட்டைத் திருப்பினால் காயிலும் பாயிண்டும் சேர்ந்தே நகரும், அந்த உறவு கெடாது. கேப்பை மாற்றினால் பாயிண்ட் மட்டும் நகரும். டைமிங் சரியாக இருக்கும், ஸ்பார்க் மஞ்சளாக நோஞ்சானாக இருக்கும். காலையில் முப்பது உதை உதைக்க வைக்கும் வண்டிகளில் பல இப்படித்தான் ஆகியிருக்கின்றன.

கேள்வி: டைமிங்கை இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் வைத்தால் பிக்கப் கூடும் என்கிறார்களே? நான் காய்கறி மூட்டை ஏற்றுகிறவன்.
— வாசகர், மேலூர்

உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அட்வான்ஸ் கூடினால் கீழ் வேகத்தில் கொஞ்சம் துள்ளல் தெரியும். ஆனால் பிஸ்டன் மேலே ஏறும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போவதால் சூடு முழுக்க பிஸ்டன் தலையில் இறங்கும். சுமையோடு மேடேறும்போது ஹெட்டில் கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் அதுதான் நாக்கிங். அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே போனால் பிஸ்டன் நடுவில் ஓட்டை விழும், அல்லது எக்ஸாஸ்ட் பக்கம் பிடித்துக்கொள்ளும். கிக் திருப்பி அடித்துக் கணுக்காலில் விழுவதும் அதிக அட்வான்ஸுக்கு அடையாளம். சுமை வண்டிக்குக் கம்பெனி குறியில் வையுங்கள். ஒரு டிகிரி பின்னால் இருந்தாலும் நஷ்டமில்லை.

பிக்கப் வேண்டுமானால் சைலென்சரைக் கழற்றிப் பாருங்கள். உள்குழாயிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கார்பன் அடைத்திருந்தால் எந்த டைமிங்கும் உதவாது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து அதன் பாவாடையால் போர்ட்டை மூடிவிட்டு, மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். சைலென்சரின் இரும்பு உள்குழாயைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம். கையுறை போடுங்கள், அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும்.

கேள்வி: குளிரில் ஒரே உதையில் ஸ்டார்ட். 4 கி.மீ. போனதும் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. பாயிண்ட் மாதம் ஒருமுறை கருகுகிறது.
— வாசகர், அறந்தாங்கி

கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு மின்தேக்கி). பாயிண்ட் கருகுவதே சாட்சி. மாற்றிய பிறகும் சூட்டில் நின்றால் காயில்.

நின்ற உடனே, ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றி ஹெட்டில் பதித்து உதைத்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பதியுங்கள். ஸ்பார்க் நீலமாகச் சடசடவென்று வந்தால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இதே நாடகத்தை ஆடும்.

கேள்வி: எக்ஸ்.எல். சூப்பர் வண்டி. பாயிண்ட் இல்லை. இதில் டைமிங் எங்கே செட் பண்ணுவது?
— வாசகர், சங்ககிரி

எலெக்ட்ரானிக் மேக்னட்டில் தேயும் பாகம் இல்லை, அதனால் அடிக்கடி செட் பண்ணும் வேலையும் இல்லை. கோடு விலகிவிட்டது என்றால் மேக்னட் கீயைச் சந்தேகப்படுங்கள். மேக்னட் நட் சரியாக இறுகாவிட்டால் கீ பாதி அறுந்து மேக்னட் நகரும். புது கீ போடும்போது கிராங்கின் கூம்புப் பகுதியையும் மேக்னட்டின் உட்பக்கத்தையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து மாட்டுங்கள். பிடித்து வைப்பது அந்தக் கூம்புதான், கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஐடில் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்தும் இறங்கவில்லை. டைமிங்கா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

இல்லை. எங்கோ காற்று இழுக்கிறது. கேபிள் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து எஞ்சினை ஐடிலில் விட்டு, கார்பரேட்டர் சேரும் இடம், இன்டேக் பேக்கிங், சிலிண்டர் அடிப் பேக்கிங் ஆகிய ஓரங்களில் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் விடுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் ஆட்களும் உண்டு. சூடான சைலென்சர் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

வெளியே ஓட்டை இல்லையென்றால் கிராங்க் ஆயில் சீல். மேக்னட் பக்கச் சீல் போனால் மேக்னட்டுக்குப் பின்னால் எண்ணெய் நனைந்திருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரித்து ஏகத்துக்கும் புகை விடும், ஆயில் அளவும் குறையும். காற்று இழுக்கும் வண்டியை ஓட்டாதீர்கள். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும், பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு, அதுவும் குறையும். ரேஸாகி நிற்காமல் போனால் சோக்கை முழுக்கப் போடுங்கள், மூச்சு முட்டி நிற்கும்.

கேள்வி: எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு வண்டி சூடாகிறது. ஆயிலைக் கூட்டிவிட்டால் போதுமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

ஆயிலைக் கூட்டுவது எதிர்விளைவு தரும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20% எத்தனால் கலந்தது. சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 9% அளவில் கூடுதல் பெட்ரோல் வேண்டும், பழைய ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அதைக் கொடுக்காது. நீங்கள் லிட்டருக்கு 20 மி.லி.க்குப் பதில் 50 மி.லி. ஆயில் ஊற்றினால் அந்த 30 மி.லி. பெட்ரோலின் இடத்தைத்தான் பிடிக்கிறது. கலவை இன்னும் வறண்டுபோகும், பிளக்கும் கருகும்.

கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றுங்கள். ஊசி உயரும், நடு வேகத்தில் பெட்ரோல் கூடும். பிறகு சுமையோடு இரண்டு கி.மீ. ஓட்டி, வேகத்தில் இருக்கும்போதே எஞ்சினை அணைத்து நிறுத்தி பிளக்கைப் பாருங்கள். பீங்கான் டீத்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்துப் பொரிப்பொரியாக இருந்தால் மெயின் ஜெட்டை அடுத்த அளவுக்கு ஏற்றுங்கள். ஆயில் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு, டப்பாவில் ஏ.பி.ஐ. டி.சி. அல்லது ஜாசோ எஃப்.சி. என்ற தரக் குறி போட்டிருக்கட்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: சைக்கிளில் மாட்டும் 66 சி.சி. எஞ்சின் கிட் வாங்கினேன். டைமிங் அட்வான்ஸ் செய்ய ஆசை. லைட்டும் போட வேண்டும்.
— வாசகர், காரைக்குடி

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. 66 சி.சி. என்றால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும், இந்தக் கிட்டுக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். தோட்டத்துக்குள் ஓட்டுங்கள்.

அதில் காயில் இரண்டு ஸ்க்ரூவில் நிலையாக மாட்டியிருக்கும், நகர்த்தும் காடி கிடையாது. ஓட்டையை அரம் போட்டு நீட்டி அட்வான்ஸ் செய்பவர்கள் உண்டு. அந்த எஞ்சினின் பேரிங்கும் பிஸ்டனும் அதைத் தாங்கும் தரத்தில் இல்லை. நடுவில் இருக்கும் காந்தத்தைக் கழற்றி மாட்டும்போது எழுத்துள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் டைமிங் தவறிவிடும். ஸ்பார்க் இல்லையென்றால் நீல ஒயருக்கும் கருப்புக்கும் நடுவே ஓம் பாருங்கள், 300 முதல் 400 ஓமுக்குள் காட்டினால் காயில் நலம். வெள்ளை ஒயரில் லைட் மாட்டினால் ஸ்பார்க் பலவீனமாகும். அதன் முனையை டேப் சுற்றி மூடிவிட்டு, லைட்டுக்குத் தனி பேட்டரி வையுங்கள். கூட வரும் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு என்.ஜி.கே. பி6எச்எஸ் போடுங்கள்.

கேள்வி: பாதி ஆக்ஸிலேட்டரில் டர்ர்... டர்ர்... என்று விட்டு விட்டு அடிக்கிறது. முழுதாகத் திருகினால் சரியாகிவிடுகிறது.
— வாசகர், செய்யாறு

பெட்ரோல் அதிகம். ஊசிக் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் கழுவிப் பாருங்கள்.