தந்தை செல்வா வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தது எப்படி?

‘தந்தை செல்வா’ என்று அழைக்கப்படும் இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1898-ல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். முதலில் அறிவியல் ஆசிரியர். பிறகு சட்டம் படித்து, கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயர் பெற்ற சட்டத்தரணியானார். நல்ல வருமானம். அரசியலுக்கு வரும்போது ஐம்பதை நெருங்கிவிட்டார்.

1947-ல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்றார். மறு ஆண்டே மலையகத் தமிழரின் (இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வம்சாவளியினர்) குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானார். செல்வா பிரிந்து 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தன் தொகுதிக்குச் சம்பந்தமில்லாத தோட்டத் தொழிலாளருக்காக அவர் எடுத்த இந்த முடிவைத்தான் அவர் வாழ்வின் பெரிய திருப்பமாக நான் பார்க்கிறேன். 1952 தேர்தலில் தோற்றார். 1956-ல் அதே தொகுதியில் மீண்டும் வென்றார்.

அவருக்குள் இருந்த சட்டத்தரணியைப் பார்க்க வேண்டுமானால் 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் அவர் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தைப் படியுங்கள். கேட்டது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி. கையெழுத்தானதோ பிராந்திய சபைகள், அவற்றுக்குக் காணி (நிலம்), விவசாயம், கல்வி அதிகாரங்கள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். கொள்கையை விடாமல், கிடைப்பதை எழுத்தில் வாங்கும் பேரம் அது. பிக்குகளின் எதிர்ப்பால் 1958-ல் பண்டாரநாயக்கா அதைக் கைவிட்டார். 1965-ல் டட்லி சேனநாயக்காவுடன் (அந்த ஆண்டு பிரதமரானவர்) செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை.

இலங்கையின் 1972 புதிய அரசியலமைப்பை எதிர்த்து நாடாளுமன்றப் பதவியிலிருந்து விலகி, மக்கள் தீர்ப்பு கேட்டார். இடைத்தேர்தலை அரசு 1975 வரை இழுத்தடித்தது. நடுக்குவாத நோயோடு நின்று பெரும் வித்தியாசத்தில் வென்றார். 1976-ல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. 1977 ஏப்ரலில் காலமானார்.