ஏற்காட்டில் சிவப்பு அரோவானா வளர்க்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். சேலத்தில் ஒருவர் 5 அங்குல நீளமுள்ள சிவப்பு அரோவானா மீன் குஞ்சு ஒன்றை 60,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பண்ணைச் சான்றிதழின் நகலைக் கைப்பேசியில் அனுப்பியுள்ள அவர், வேறு தாள் எதுவும் தேவையில்லை என்கிறார். எங்களிடம் 3 அடித் தொட்டி இருக்கிறது. கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறோம். வாங்கலாமா?

பதில்: அந்த நகலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வேறு தாள் தேவையில்லை என்று அவர் சொல்வது சரியல்ல. இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளின் ஆறுகளைப் பிறப்பிடமாகக் கொண்ட ஆசிய அரோவானா (சிவப்பு அரோவானா இதில் ஒரு வகை), அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ளது. அதன்படி, பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்த மீன்களை மட்டுமே, அதுவும் உரிய அனுமதியோடுதான், நாடு விட்டு நாடு விற்க முடியும். நம் நாட்டிலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்த உடன்படிக்கையின் பட்டியலைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினம் ஒன்று கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தின் வழியாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைமாற்றினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும். அவர் அனுப்பியிருக்கும் பண்ணைச் சான்றிதழ் மீன் எங்கே பிறந்தது என்பதைச் சொல்லும் தாள். அது இறக்குமதி அனுமதி ஆகாது. ஆகவே அவர் பெயரிலுள்ள பதிவையும், மீன் இந்தியாவுக்குள் வந்ததற்கான அனுமதியின் நகலையும் கேளுங்கள். பண்ணையில் இந்த மீன்களின் முதுகுத் தசைக்குள் அரிசிமணி அளவிலான மைக்ரோசிப் ஒன்றைப் பதிப்பார்கள். அதன் எண்ணை உங்கள் கண்ணெதிரே ரீடர் கருவியால் படித்துக் காட்டச் சொல்லி, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவதற்கு எதுவும் இல்லை.

தாள்கள் சரியாக இருந்தாலும், 5 அங்குலக் குஞ்சு ‘சிவப்பு’ என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இந்தோனேசியாவில் மேற்குக் கலிமந்தானின் கபுவாஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த அசல் சிவப்பு வகையின் செதில்களில் நிறம் முழுமையாக ஏறச் சில ஆண்டுகள் ஆகும். இந்த வயதில் துடுப்புகளில் மட்டும் செம்மை தெரியும். பஞ்சார் என்று அழைக்கப்படும் மலிவான வகையின் குஞ்சும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருப்பதால், ஏமாற்று பெரும்பாலும் இந்த அளவிலேயே நடக்கிறது. இதற்கும் கீழே போய் வெள்ளி அரோவானாவையே ஆசிய வகை என்று விற்பவர்களும் உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த வெள்ளி அரோவானாவின் மேல் துடுப்பும் அடித் துடுப்பும் நீண்டு வால் வரை ஓடும்; ஆசிய வகைக்கு மேல் துடுப்பு குட்டையாக, உடலின் பின்பகுதியில் மட்டும் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது உங்கள் ஊரின் குளிர். இந்த மீனுக்கு 26 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான நீர் ஆண்டு முழுவதும் வேண்டும். சேலத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. அங்கே கோடையில் நீரைக் குளிர்விப்பதுதான் சிக்கல். ஏற்காட்டிலோ மார்கழி இரவில் மூடிய அறைக்குள்ளும் 16 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த அரோவானாவுக்கு ஏற்ற, 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 750 லிட்டர் நீர் நிற்கும். அதை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.9 யூனிட் மின்சாரம் செலவாகும். 28 டிகிரியிலேயே நிறுத்தி வைக்க, கண்ணாடி வழியே வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்ட, என் கணக்கில் ஏறத்தாழ 350 வாட் ஓயாமல் தேவைப்படும். பகலின் இளஞ்சூட்டைக் கழித்தாலும் குளிர்காலத்தில் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். பின்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டினால் இது கணிசமாகக் குறையும்.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 8 மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் இந்தப் பெரிய தொட்டியின் நீர் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். உங்களிடம் உள்ள 3 அடித் தொட்டியோ 4 டிகிரி இறங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஹீட்டரை இணைத்தால் பாட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அதை ஃபில்டருக்கும் ஏர் பம்புக்கும் ஒதுக்கிவிட்டு, தொட்டியின் மேல் கம்பளியைப் போர்த்துவதே உருப்படியான வழி. ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலாக 300 வாட் அளவில் இரண்டைப் போடுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று விடியும்வரை காப்பாற்றும். 60 சென்டிமீட்டரைத் தொடக்கூடிய மீன் என்பதால் 3 அடித் தொட்டி எப்படியும் சில மாதங்களுக்குத்தான் உதவும். மூடியின் மேல் கனமான பொருளை வைக்க மறக்காதீர்கள்; அரோவானா துள்ளினால் சாதாரண மூடி நிற்காது.

கிணற்று நீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காப்பித் தோட்டம் என்றதும் எனக்கு மயில்துத்தம் (தாமிர சல்ஃபேட்) தான் நினைவுக்கு வந்தது. இலைத் துரு நோய்க்காக மழைக்கு முன்பும் பின்பும் தெளிக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையில் உள்ள தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. அதிலும் நீரில் கடினத்தன்மை குறைவாக இருந்தால் அதன் கடுமை கூடும். கிணறு தோட்டச் சரிவுக்குக் கீழே இருந்தால், தெளிப்பு முடிந்து முதல் மழை பெய்த பிறகு எடுத்த நீரைத் தாமிரச் சோதனைக்கு அனுப்புங்கள். நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. மறுபுறம், வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கங்களை ஒட்டிய சேலத்து ஆழ்துளைக் கிணறுகளில் மக்னீசியக் கடினம் அதிகமாக இருக்கும் என்பதால், அந்த நீரில் பழகிய மீனை உங்கள் நீருக்கு ஓரிரு மணி நேரம் எடுத்துக்கொண்டு படிப்படியாக மாற்ற வேண்டும்.

கொண்டுவரும் வழியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவதற்குள் காற்றழுத்தம் குறைந்து ஆக்சிஜன் பை ஆறில் ஒரு பங்கு உப்பிவிடும். உங்கள் ஊர்க் கடைகளில் சிப்ஸ் பாக்கெட் பருத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பையை இறுக்கமாக நிரப்பாமல் தளர்வாகக் கட்டச் சொல்லி, தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து எடுத்து வாருங்கள்.

அரிய மீன் ஒன்று வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், உங்கள் ஊருக்கு இயல்பாகப் பொருந்துவது ஜப்பானியக் கோய் எனும் வண்ணக் கெண்டை. சேகரிப்பாளர்கள் அதையும் தங்கமாகத்தான் மதிக்கிறார்கள். 2018-இல் ஹிரோஷிமாவில் ஒரு கோய் 20 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. அது சைட்டிஸ் பட்டியலில் இல்லை, ஹீட்டரும் வேண்டாம், ஏற்காட்டுக் குளிரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். 4 அடி ஆழத்துக்குக் குறையாத சிமெண்ட் குளமும் நல்ல ஃபில்டரும் இருந்தால் போதும். அரோவானாவே வேண்டும் என்று தோன்றினால், தாள்கள் வந்து சேரும்வரை தொட்டியை நீர் நிரப்பி ஹீட்டரோடு ஓடவிட்டு, நவம்பர் முதல் ஜனவரி வரை தினமும் விடியற்காலை 5 மணிக்கு நீரின் வெப்பத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த எண்கள் ஒரு நாளும் 26-க்குக் கீழே போகவில்லை என்றால் மீண்டும் எழுதுங்கள். குஞ்சைத் தேர்ந்தெடுப்பது பற்றி அப்போது பேசலாம்.